தினமும் புரை ஏறுகிறதா? டாக்டரிடம் சொல்ல வேண்டியதும் வீட்டில் செய்ய வேண்டியதும்

சாப்பிடும்போது யாருக்காவது புரை ஏறினால், "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. மூன்று வேளையும் புரை ஏறுகிறது என்றால் பழியை நினைப்பவர்கள் மேல் போட முடியாது. அது விழுங்குவதில் உள்ள கோளாறாக இருக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், பெரியவர்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். பந்தியில் நாலு பேர் முன்னால் இருமினால் கூச்சம் என்று கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படுவதெல்லாம், "அப்பா முன்ன மாதிரி சாப்பிடறதில்ல" என்பது மட்டும்தான்.

கழுத்தின் நடுவே விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். தொண்டையில் முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒரு வாய் சோறு இறங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலே ஏறி, மூச்சுப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கி உணவை இரைப்பைக்குத் தள்ளும். இந்த வரிசையில் எங்கே பிசகினாலும் விழுங்குவது சிரமமாகும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், கழுத்துப் பகுதிப் புற்றுநோயும் அதற்கான கதிர்வீச்சும், நாள்பட்ட நெஞ்செரிச்சலால் உணவுக்குழாய் சுருங்குவது, உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று காரணங்கள் பல. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த பாத்ரூம் ஆசிட்டைத் தெரியாமல் குடித்து உணவுக்குழாய் சுருங்கிப்போனவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே லேபிள் உள்ள பழைய பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

"தொண்டை அடைக்குது" என்றால் போதாது

டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "தொண்டை அடைக்குது டாக்டர்" என்ற ஒரு வரிக்கு ஐந்தாறு அர்த்தம் இருக்கலாம். எனவே முதலில் எப்போது என்று சொல்லுங்கள். விழுங்கத் தொடங்கும்போதே இருமல், மூக்கு வழியாகத் தண்ணீர் வருவது, வாயிலேயே சோறு தங்குவது என்றால் கோளாறு வாய், தொண்டைப் பக்கம். விழுங்கிச் சில நொடிகள் கழித்து நெஞ்சில் ஏதோ நிற்பது போல் இருந்தால் உணவுக்குழாய்ப் பக்கம். அடைக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள், ஆனால் அடைப்பு நீங்கள் காட்டும் இடத்துக்குக் கீழேயும் இருக்கலாம். "கழுத்துலதான் இருக்கு, நெஞ்சுல எதுக்கு டெஸ்ட்?" என்று மறுக்க வேண்டாம்.

அடுத்தது, எதை விழுங்கும்போது என்பது. முதலில் தோசை, சப்பாத்தி சிக்கியது, பிறகு குழைந்த சோறு, இப்போது கஞ்சிகூட என்று படிப்படியாகக் கூடியிருந்தால் உணவுக்குழாய் குறுகிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சந்தேகிப்பார். தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒரேபோல் நின்றால் உணவுக்குழாய்த் தசைகளின் இயக்கத்தைப் பார்ப்பார். சோறு இறங்குகிறது, தண்ணீருக்குத்தான் இருமல் வருகிறது என்றால் தொண்டைத் தசைகளும் நரம்புகளும் கவனத்துக்கு வரும். கெட்டியானதுதான் கஷ்டம், தண்ணீர் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கு இது பல நேரம் தலைகீழ். தண்ணீர் வேகமாக ஓடிவிடும், மூச்சுப் பாதை மூடுவதற்குள் உள்ளே போய்விடும்.

விழுங்கும்போது வலிப்பது வேறு, அடைப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சாப்பிடாத நேரத்தில் மட்டும் தொண்டையில் உருண்டை இருப்பது போல் தோன்றி, சாப்பாடு சிக்கலில்லாமல் இறங்கினால் அதையும் அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் அது வேறு வகை.

இன்னொன்று, இருமல் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சி குறைந்திருக்கும். உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. தண்ணீர் குடித்ததும் குரல் களகளவென்று ஈரமாக ஒலிப்பது, அடிக்கடி காரணம் தெரியாத காய்ச்சல், சளி, திரும்பத் திரும்ப நிமோனியா இவைதான் அங்கே அறிகுறி.

கையில்தான் செல்போன் இருக்கிறதே. அவரிடம் சொல்லிவிட்டு, சாப்பிடும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதற்கு முன்னும் பின்னும் அவர் "ஆ" என்று சொல்வதையும் பதிவு செய்யுங்கள். பரிசோதனை அறையில் வராத இருமல் வீட்டு வீடியோவில் இருக்கும். ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரமானது, எதற்கு இருமினார் என்று நோட்ஸில் தட்டி வையுங்கள். எடை குறைந்ததா என்று தெரியவில்லையா? சட்டையும் ஜாக்கெட்டும் தொளதொளவென்று ஆகியிருந்தால் அதுவே பதில்.

சிக்கல் கூடிக்கொண்டே போவது, எடை குறைவது, வாந்தியில் ரத்தம், கறுப்பு மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" வேண்டாம். எச்சில்கூட இறங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று வாய் கோணி, கை மரத்து, பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். "ஒரு வாய் தண்ணி குடி" என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மாத்திரையும் வேண்டாம். பக்கவாதத்தில் முதலில் பாதிக்கப்படுவதில் விழுங்கும் திறனும் ஒன்று.

மருத்துவமனையில் எண்டோஸ்கோபி, பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு விழுங்குவதைப் பார்ப்பது என்று தேவைக்கேற்பச் சோதிப்பார்கள். பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பலாம். "பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று திரும்பிவிடாதீர்கள். பேசும் நாக்கும் தொண்டையும்தான் விழுங்கவும் செய்கின்றன. விழுங்கும் பயிற்சி தருபவரும் அவர்தான்.

அடுப்படியில் மாற்ற வேண்டியது

உடம்பு சரியில்லாதவருக்கு ரசம் சாதம்தான் லேசு என்பது நம் நம்பிக்கை. விழுங்கும் கோளாறு உள்ளவருக்கு அது கடினமான உணவுகளில் ஒன்று. பருக்கை வாயில் நிற்கும், ரசம் முன்னால் ஓடிவிடும். ஒரே வாயில் இரண்டு வேகத்தில் போகும் உணவு அது. பருக்கை மிதக்கும் கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், ஜவ்வரிசிப் பாயசம் எல்லாம் இதே கதைதான். பருப்பு சாதத்தை நெய்விட்டு ஒரே பதமாகக் குழைய மசித்துக் கொடுக்கலாம். கட்டியில்லாமல் கிண்டிய கேழ்வரகுக் கூழ், மோருக்குப் பதில் கெட்டித் தயிர், மசித்த பூசணிக்காய் நன்றாக இறங்கும். இட்லி மெத்தென்று இருந்தாலும் உலர்ந்த இட்லி தொண்டையில் ஒட்டும். சாம்பாரில் ஊறவைத்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும். புட்டு, பொரி, சுண்டல், முறுக்கு வேண்டாம். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், எனவே தண்ணீர் ஆகாதவருக்கு அதுவும் ஆகாது.

தண்ணீரைக் கெட்டியாக்க மருந்துக்கடையில் பொடி கிடைக்கிறது. எந்தப் பதம் என்பதைப் பயிற்சியாளர் சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். கெட்டித் தண்ணீர் பலருக்குப் பிடிக்காது, அதனால் குடிப்பது குறையும். சிறுநீர் அடர்மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் படாமல் சொம்பை அண்ணாந்து குடிப்பது நம் ஊர் மரியாதை. இவர்களுக்கு அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நேராக மூச்சுப் பாதைக்கு வழி தேடும். வாயகலமான டம்ளரில், சிறுசிறு மடக்காக, தலை நிமிர்ந்தபடி குடிக்கட்டும். நேராக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அதனால் எதிரே உட்காருங்கள். டீஸ்பூன் அளவு போதும். விழுங்கிவிட்டாரா, கன்னத்தில் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய். டிவியை அணைத்துவிடுங்கள். தாடையைக் கீழே சாய்த்து விழுங்குவது போன்ற உத்திகள் எல்லாருக்கும் பொருந்தாது. யூடியூப் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால்தான் நிமோனியா. மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவருக்கும் இது உண்டு. மாத்திரை இறங்கவில்லை என்று எல்லாவற்றையும் பொடிக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் சேரும். திரவமாகக் கிடைக்குமா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள்.

பேசவோ இருமவோ முடியாமல் மூச்சு அடைத்துவிட்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள், வாய்க்குள் விரல்விட்டுத் துழாவாதீர்கள். முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். சரியாகவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டி, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேல்புறமாக அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். எந்தப் பிரிவு என்று குழப்பமாக இருந்தால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரை அழைத்துப் போக முடியவில்லை என்றால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். புரை ஏறுவதையும் அவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும்.

அறுவை சிகிச்சை போன்ற பெரிய செலவு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உங்களுக்கான சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, சர்க்கரை மாத்திரையை அன்று என்ன செய்வது என்பதையும் தேதி வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.