பிரேக் குழாயில் புகும் காற்று

விரைந்து ஓடுவது மோட்டார் காருக்கு அழகு. வேண்டிய இடத்தில் நிற்பதோ அதில் இருப்போரின் உயிருக்குக் காவல். அந்தக் காவலைக் கெடுக்கப் பிரேக் குழாயினுள் சில காற்றுக் குமிழிகள் புகுந்தாலே போதும்.

அஃது எவ்வாறு? ஊசி கழற்றிய சிரிஞ்சு ஒன்றின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று சுருங்கி இடங்கொடுக்கும். அதில் குமிழியின்றி நீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசையாது. அடைபட்ட திரவத்தில் தரப்படும் அழுத்தம் குறையாமல் எத்திசையும் பரவும் என்று விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623-1662). அவ்விதியைக் கொண்டே காலின் அழுத்தம் நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. குழாயில் காற்று இருந்தாலோ, காலின் உழைப்பு அதனைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது.

குழாயைக் கழற்றிப் பழுது பார்க்கும்போதும், கிண்ணத்தில் பிரேக் எண்ணெய் வற்றும்போதும் காற்று உட்புகும். வேறொரு வழியும் உண்டு. இவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் 140 டிகிரியே அதன் வரம்பு. கேமரன் மலை போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக்கை ஓயாது மிதித்தால் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆதலால் இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதே அறிவுடைமை.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. கிண்ணத்தை உரிய புதிய எண்ணெயால் நிரப்புக. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவர். வலப்புறம் ஸ்டீரிங் உள்ள கார்களில் அது பெரும்பாலும் இடப்பக்கப் பின்சக்கரம். சில கார்களுக்கு வரிசை வேறு. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தல் நலம். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்குப் பட்டறைக் கருவியும் தேவைப்படும்.

காற்றுத் திருகில் கண்ணாடிபோல் தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டியிலுள்ள எண்ணெயில் மூழ்க விடுக. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைச் சிறிது திறக்க வேண்டும். எண்ணெயும் குமிழியும் வெளிவரும், மிதி தாழும். இங்கேதான் கவனம் வேண்டும்: திருகை மூடிய பின்னரே காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். குமிழி நிற்கும்வரை இவ்வாறே செய்க. கிண்ணம் வற்றவும் கூடாது. வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றவும் கூடாது. வண்டியின் சாயத்தில் சிந்தினால் உடனே நீரால் கழுவுக.

எல்லாம் முடிந்தபின் எஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பார்க்க வேண்டும். அது உறுதியாக நின்றால், ஆளற்ற இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிக்கலாம். மீண்டும் அமுங்கினால் காற்று இன்னும் எஞ்சியிருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். அவ்வண்டி சாலைக்கு வரலாகாது. மிதியில் தெரியும் தளர்வு எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாதவர் தம் உயிரோடு வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைக்கிறார்.