பெயரில் மறைந்த நோய்: மனித ரி-நிணநீர்க்குழிய வைரசு பற்றிய சில சிந்தனைகள்

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி மடங்களிலே நோய் தீர வேண்டித் தங்குவோரை நாம் சிறுவயது முதற் கண்டிருக்கிறோம். காலை இழுத்து நடப்போர் எவரையும் ஊரார் ‘வாதக்காரர்’ என்றே சுட்டினர். பக்கவாதம், இளம்பிள்ளைவாதம், முண்ணாணைத் தாக்கும் வேறு நோய்கள் யாவும் அவ்வொரு சொல்லுள் அடங்கின. அவ்வாறு அடங்கிப்போகத்தக்க நோயொன்றையே ஈண்டு நோக்குகின்றோம். இலக்கிய மாணவர் மருத்துவம் பேசலாமோ என வினவப்படலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண்ணில் அவ்வினா எழவேண்டியதில்லை.

மனித ரி-நிணநீர்க்குழிய வைரசின் முதலாம் வகை, எயிட்சு நோயை உண்டாக்கும் வைரசைப் போன்றே ரெற்றோவைரசு இனத்தைச் சார்ந்தது. வெண்குருதிக் கலங்களுள் ஒருவகையான ரி-நிணநீர்க்குழியங்களுட் புகுந்து, தன் பரம்பரைச் செய்தியை அவற்றின் பரம்பரைப் பொருளோடு பிணைத்துவிடும். குழியம் பெருகுந்தோறும் தானும் பெருகும். தாய்ப்பால், உடலுறவு, குருதி என்பனவே இது பரவும் முதன்மை வழிகள். தொடுவதாலோ ஒரே கோப்பையிற் குடிப்பதாலோ தொற்றாது. தொற்றியோருட் பெரும்பான்மையோர் வாழ்நாள் முழுதும் நோயின்றியே இருப்பர். நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையிலானோருக்கு, பல பதிற்றாண்டுகள் கழித்து, ரி-குழிய இரத்தப் புற்றுநோய் தோன்றலாம். வேறு சிலருக்கு முண்ணாண் அழற்சியுற்று, கால்கள் மெல்ல மெல்ல விறைத்து வலுவிழக்கும். தொற்றை நீக்கும் மருந்தோ தடுப்பூசியோ இன்றுவரை இல்லை.

இந்நோயின் வரலாறு மனங்கொள்ளத்தக்கது. 1956 இல் யமேக்காவில் குறூக்சாங் என்பார், காரணமறியாத நரம்புநோய் கொண்ட நூறு பேரை விவரித்தார். 1964 இல் மொன்ற்கொமறியும் பிறரும் 206 பேரைப் பற்றி எழுதினர். அதே மொன்ற்கொமறி, கே. எஸ். மணி முதலியோருடன் சேர்ந்து, தென்னிந்தியாவிற் காணப்பட்ட கால்விறைப்பு வாதம் பற்றி 1969 இல் கட்டுரை வெளியிட்டார். கரும்புத் தீவின் நோயும் நம் அயலவர் நோயும் ஒருவர் கண்ணிலேயே அருகருகே நின்றன. காரணம் மட்டும் புலப்படவில்லை.

1977 இல் யப்பானில் தக்காற்சுக்கியும் அவர்தம் குழுவினரும் புதுவகை இரத்தப் புற்றுநோயை இனங்கண்டனர். நோயாளரிற் பெரும்பாலோர் தென்மேற்கிலுள்ள கியூசூத் தீவிற் பிறந்தவர்கள். 1980 இல் அமெரிக்காவில் கல்லோவின் ஆய்வுகூடம் இவ்வைரசைப் பிரித்தெடுத்தமையை அறிவித்தது. அதன் பின்னரே, 1985 இல் மார்ட்டினிக்கிலும் 1986 இல் யப்பானின் ககோசிமாவிலும், முண்ணாண் நோயுடன் இதற்குள்ள தொடர்பு வெளிப்பட்டது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் தென்னிந்திய நோயாளர் சிலரிடம் இவ்வைரசை உறுதிப்படுத்தினர். கால்விறைப்பு வாதங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாகாது.

யமேக்காவின் முப்பதாண்டுக் காத்திருப்பைக் காலனித்துவத்தின் தலையிற் சுமத்திவிடுவது எளிது, ஆனாற் சரியன்று. ரி-குழியங்களை ஆய்வுகூடத்தில் நெடுநாள் வளர்க்கும் வழி 1976 இலேயே கைவந்தது. எனினும் பரிசோதனை முறைகள் வந்து பதிற்றாண்டுகள் கழிந்தும், மத்திய அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிச் சமூகங்கள் சிலவற்றில் வளர்ந்தோருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் தொற்றுடையோராய்க் காணப்பட்டனர். அங்குத் தடையாயிருந்தது விஞ்ஞானமன்று. இவ்வைரசு கரீபியனுக்கு அடிமைக் கப்பல்களிற் சென்றதென ஆய்வாளர் கருதுவதையும் இதனோடு சேர்த்தெண்ணலாம்.

தடுப்பிலும் வர்க்கம் குறுக்கிடுகிறது. நாகசாக்கியில் 1987 இல் தொடங்கிய திட்டத்தில், தொற்றுடைய தாய்மார் பாலூட்டலைத் தவிர்த்தபோது, குழந்தைகளின் தொற்று நூற்றுக்கு இருபதளவிலிருந்து ஏறத்தாழ இரண்டரையாகக் குறைந்தது. தூய நீரும் மாப்பால் வாங்கப் பணமும் இல்லாத குடிசையில் அதே அறிவுரை குழந்தையை வயிற்றோட்டத்திற்குப் பலிகொடுக்கக்கூடும்.

கனடாவில் 1990 முதலும் பிரித்தானியாவில் 2002 முதலும் தானக் குருதியில் இவ்வைரசு தேடப்படலாயிற்று. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ முதன்முறை குருதி கொடுத்த தொண்டைமானாற்றார் பலர், பெயரறியாமலே இப்பரிசோதனைக்கு உட்பட்டிருப்பர். இலங்கையில் எயிட்சு வைரசு, ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தே தானக் குருதியிற் கட்டாயமாகத் தேடப்படுவன. அரிதான தொற்றுக்குச் செலவிடுவதினும் அப்பணத்தை வேறிடத்திற் செலவிடலாம் என்ற வாதம் வலுவற்றதன்று. ஆயினும் அரிது என்பது எண்ணிப் பார்த்தபின் சொல்லவேண்டிய சொல்.