வெட்கப்பட வேண்டியவர் யார்?

இளம்பிள்ளையிலே தறி ஓடுகிறது. சங்ககிரியிலே லாரி ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரை சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. இந்தப் பக்கத்துத் தொழிலாளி வீட்டிலே இன்று கைப்பேசி ஆடம்பரப் பொருளல்ல. மாதக்கணக்கில் வண்டியோடு போய்விட்ட தகப்பன் முகத்தைப் பிள்ளைகள் பார்ப்பதே அதில்தான். கல்லூரிப் பாடம் வருவதும் அதில்தான். "தூக்கி எறி அந்தச் சனியனை!" என்று சொல்லிவிடலாம். எறிந்துவிட்டுப் பிழைக்க முடியுமா?

முடியாது! ஆனால் தகப்பன் முகம் வரும் அதே வழியாகத்தான் கயவனும் வீட்டுக்குள் நுழைகிறான்.

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தையே உலுக்கியது ஒரு சாவு. இளம்பெண், பட்டம் பெற்றவள். அவள் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, ஃபேஸ்புக்கிலே ஏற்றிவிட்டான் ஒருவன். குடும்பம் காவல்துறையிடம் ஓடியது. நாட்கள் நகர்ந்தன, நடவடிக்கை நகரவில்லை. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வேகம் வந்தது! கைது நடந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தாமதத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல பண்பு. போன உயிர் திரும்பியதா?

கைதானவன் யார்? சீமான் வீட்டுப் பிள்ளையா? இல்லை. விசைத்தறித் தொழிலாளி! நம்மைப் போல் உழைத்துண்ணும் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞன் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டு. ஆகவே, "எவனோ செய்தான், நமக்கென்ன?" என்று நாம் நழுவ முடியாது.

தன் வீட்டாரே தன்னை நம்பவில்லையே என்ற வேதனையை அவள் எழுதிவைத்ததாக அன்றைய ஏடுகள் கூறின. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. நம் வீட்டிலே நடந்தால் நாம் என்ன செய்வோம்? அதுதான் கேள்வி.

என்ன செய்வோம்? கைப்பேசியைப் பிடுங்குவோம். படிப்பை நிறுத்துவோம். அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடுவோம். குற்றம் செய்தவன் வெளியே உலவ, தண்டனை மகளுக்கு! இதை அறிந்துதான் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவள் வாய் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கைதான் மிரட்டுகிறவனின் மூலதனம். இன்றோ, போலிப் படம் செய்யச் சில நிமிடம் போதும். இயந்திரமே செய்து கொடுத்துவிடுகிறது. இந்தக் காலத்திலே படத்தை நம்பி மகளைச் சந்தேகிப்பவன், கயவனுக்குத் துணைபோகிறவன்!

சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே இதற்குத் தண்டனை உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; 'எங்கள் எல்லை அல்ல' என்று விரட்ட முடியாது. இத்தகைய படத்தைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டுமென்று 2021-இல் வந்த விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு விதித்தன. புகார் தருமுன் படத்தையும் கணக்கின் பெயரையும் பதிவெடுத்து வைக்கவேண்டும். அழித்துவிட்டால் சாட்சியம் போய்விடும்.

ஆனால், கைப்பிள்ளையோடு நிற்கும் தாயும், இரவு ஷிப்ட் முடித்துவந்த தகப்பனும் தனியாகக் காவல் நிலையப் படியேறினால், சட்டம் சோம்பல் முறிக்கும். பத்துத் தோழர்கள் உடன் போனால் எழுந்து உட்காரும்! கொடி கட்டவும் கூட்டம் சேர்க்கவும் தெரிந்த நமக்கு, ஒரு பெண்ணுக்காகப் படியேறத் தெரியாதா?

தோழர்களே! அப்படிப்பட்ட படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். அனுப்புகிறவனும் குற்றவாளியே. மனமுடைந்து நிற்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணிலே அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், மகளிடம் இன்றே சொல்லுங்கள்: "எது வந்தாலும் முதலில் என்னிடம் சொல்லம்மா, உன்னை நான் நம்புவேன்."

வெட்கப்பட வேண்டியவள் அவளல்ல!