சூசன்னா வெஸ்லியின் இல்லப்பள்ளி: தாய்மையும் பெண்மக்கள் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்
இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் சிற்றூரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூசன்னா வெஸ்லி தம் மக்களுக்கு வீட்டிலேயே நடத்திய பள்ளியை இக்கட்டுரை ஆராய்கிறது. கிறித்தவத் தாய்மை அன்றாட இல்லறத்தில் கற்பித்தலாக உருப்பெற்ற முறையையும், அக்கல்வி ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் அளித்த வேறுபட்ட பயன்களையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இல்லப்பள்ளி, கிறித்தவத் தாய்மை, பெண்கல்வி, சூசன்னா வெஸ்லி, எப்வொர்த்.

முன்னுரை
பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் உரிய கடன்களாக வகுக்கிறது. அப்பாடலின் பேச்சு மகனைப் பற்றியதே. அவ்விரு கடன்களையும் ஒரு தாயே ஏற்று, மகன், மகள் என்னும் வேறுபாடின்றி எழுத்தறிவித்தால் என்ன நிகழும் என்பதற்குச் சூசன்னா வெஸ்லியின் (1669–1742) வாழ்வு சான்றாகிறது. இவர் மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தாய். அவ்வியக்கத்தின் மிஷன் 1814இல் இலங்கைக்கு வந்தது. ஆறுமுக நாவலர் பயின்றதும் கற்பித்ததும் அம்மிஷன் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியிலேயாகும். எனவே இம்மரபின் ஊற்றாகிய வீட்டுப்பள்ளி தமிழாய்வுக்கு முற்றிலும் அயலானதன்று.

இல்லமும் பள்ளியும்
சூசன்னா, இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் அனஸ்லி என்னும் போதகரின் 25 மக்களுள் இளையவர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் போதகர் சாமுவேல் வெஸ்லியை 1688இல் மணந்தார். பிறந்த 19 குழந்தைகளுள் ஒன்பது சிசுப் பருவத்திலேயே இறந்தன. கடனும் வறுமையும் அக்குடும்பத்தை நீங்காமல் தொடர்ந்தன. இச்சூழலில்தான் அவர் நாள்தோறும் பள்ளி நடத்தினார். தம் முறையினை 1732இல் மகன் ஜானுக்கு எழுதிய மடலில் அவரே விரிவாக விளக்கியுள்ளார். அம்மடலே இவ்வாய்வுக்கு முதன்மைச் சான்றாகும்.

குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் கல்வி தொடங்கும். அந்நாளில் வீட்டு வேலைகள் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்படும். காலை 9 முதல் 12 வரையிலும், பிற்பகல் 2 முதல் 5 வரையிலும் பிறர் எவரும் வகுப்பறைக்குள் நுழைதல் கூடாது. அந்த ஒரு நாளிலேயே எழுத்துகள் அனைத்தும் கற்பிக்கப்படும். அடுத்த நிலையில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே பாடநூலாகும். மேரி, ஆன் என்னும் இரு மகள்களுக்கு மட்டும் எழுத்தறிய ஒன்றரை நாள் தேவைப்பட்டது. அவர்களை மந்தபுத்தியினர் என்று முதலில் கருதியதையும், பிற வீட்டுக் குழந்தைகள் எழுத்தறியச் செலவிடும் காலத்தைக் கண்டபின் அக்கருத்தை மாற்றிக்கொண்டதையும் சூசன்னா மறைக்காமல் எழுதுகிறார்.

1709 பிப்ரவரியில் வீடு தீக்கிரையானது. மக்கள் சில காலம் பல வீடுகளில் பிரிந்து வாழ்ந்தனர். மீண்டபோது பழைய ஒழுங்கு குலைந்திருந்தது. அதனைச் சீர்செய்யச் சங்கீதம் பாடிப் பள்ளியைத் தொடங்கி முடிக்கும் வழக்கம் புகுத்தப்பட்டது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையை அழைத்துச் சென்று அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டின் ஓர் அதிகாரத்தையும் படித்துக் காட்ட வேண்டும். ஏனையோரும் இவ்வாறே இணையிணையாகப் பிரிவர். இவ்வகையில் கற்பவரே கற்பிப்பவராகவும் ஆகினர்.

கண்டிப்பும் தனியுரையாடலும்
குழந்தையின் தன்விருப்பத்தை முதலில் அடக்குதல் வேண்டும் என்பது சூசன்னாவின் கொள்கை. ஓராண்டு நிரம்பியதும், சிலர் அதற்கு முன்பும், பிரம்புக்கு அஞ்சவும், மெல்லென அழவும் பழக்கப்பட்டனர். இன்றைய குழந்தை உளவியல் இதனை ஏற்காது. எனினும் அவர் வகுத்த விதிகளுள் பல பெற்றோரையே கட்டுப்படுத்துவன. தவறினை ஒப்புக்கொண்டு திருந்த உறுதியளிக்கும் பிள்ளையை அடித்தல் ஆகாது. ஒரே பிழைக்கு இருமுறை தண்டித்தல் ஆகாது. அளித்த வாக்கினைக் காத்தல் வேண்டும். ஒருவர் பொருளைப் பிறர் கவர்தல் கூடாது என்பன அவற்றுள் சில. தண்டனைக்கு அஞ்சியே குழந்தைகள் பொய் கூறுகின்றனர் என்ற உணர்வு முதல் விதிக்கு அடிப்படையாகும்.

வாரத்தின் ஒவ்வொரு மாலையும் குறிப்பிட்ட பிள்ளையுடன் தனித்து உரையாடுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஜானுக்கு வியாழன், சார்லசுக்குச் சனி, மூத்த மகளிர் இருவருக்கு ஞாயிறு. பிள்ளைகள் மலிந்த வீட்டில் ஒவ்வொருவரையும் தனிமாந்தராக நோக்கிய இவ்வழக்கம் கண்டிப்பினைச் சமன்செய்தது எனலாம்.

பெண்மக்களும் கல்வியும்
நன்றாக வாசிக்கக் கற்குமுன் எந்தப் பெண்குழந்தைக்கும் தையல் முதலிய கைவேலை பயிற்றலாகாது என்பது இப்பள்ளியின் தனிச்சிறப்பான விதி. கைவேலை முந்தினால் வாசிப்பு என்றும் செம்மைப்படாது என்பதே அவர் கூறும் காரணம். பெண்ணின் கல்வி ஊசியில் தொடங்கிய காலத்தில் இது பெரும் மாற்றமாகும். தீவிபத்தினை அடுத்த ஆண்டுகளில் அவர் மகள் சுசன்னாவுக்காக அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்திற்கு விளக்கம் எழுதினார். இறையியல் எழுத்து தாயிடமிருந்து மகளுக்குச் சென்றமை குறிப்பிடத்தக்கது.

ஆயின் இல்லம் அளித்ததை உலகம் ஏற்கவில்லை. சாமுவேல், ஜான், சார்லஸ் ஆகிய மூவரும் வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ் பள்ளிகள் வழியாக ஆக்ஸ்போர்டு சென்றனர். மகளிருக்கு அவ்வாயில் திறக்கவில்லை. எட்டு வயதிலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்ததாகக் கூறப்படும் மெகெட்டபெல், தந்தையின் சினத்துக்கு ஆளாகி, 1725இல் தம் மனத்துக்கு ஒவ்வாத திருமணத்தில் தள்ளப்பட்டார். அவர்தம் கவிதைகளுள் சில இதழ்களில் வெளிவந்தன. வாழ்வு துயரிலேயே கழிந்தது. மூத்த மகள் எமிலியா ஆசிரியப் பணி செய்து, பின் கெயின்ஸ்பரோவில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தாயின் பள்ளி மகளுக்குத் திறந்துவிட்ட வழி மற்றொரு பள்ளியே.

முடிவுரை
சூசன்னாவின் தாய்மை பாசத்தில் மட்டுமன்றி, நேர ஒழுங்கிலும் தனிக்கவனத்திலும் இறைப்பற்றிலும் வெளிப்பட்டது. அவ்வில்லத்தில் தாய் வளர்ப்பவராக மட்டுமின்றிச் சான்றோராக்குபவராகவும் விளங்கினார். செம்மொழிக் கல்வியில் தந்தைக்குப் பங்குண்டு எனினும், அடித்தளம் தாயுடையதே. எழுத்தறிவில் மகனையும் மகளையும் இணையாக நிறுத்த ஒரு தாயால் இயன்றது. அவ்விணைமையை வீட்டு வாயிலுக்கு அப்பால் கொண்டுசெல்ல அவரால் இயலவில்லை. ஜானின் புகழைக் கொண்டு மட்டும் இல்லப்பள்ளியை மதிப்பிடும் வழக்கம், மெகெட்டபெல்லின் வாழ்வையும் உடன்வைத்து மறுவாசிப்புக்கு உட்படுத்தப்பட வேண்டும்.