இளங்குழந்தைகளிடம் மதியிறுக்கம் கண்டறியப்படும் வயது: கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து

முன்னுரை

1943ஆம் ஆண்டு லியோ கேனர் விவரித்த மதியிறுக்கத்தை (ஆட்டிசம்) பயிற்சி பெற்ற மருத்துவர் இரண்டு வயதிலேயே உறுதிசெய்ய இயலும். எனினும், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2020ஆம் ஆண்டுத் தரவில்கூட, அது கண்டறியப்பட்ட இடைநிலை வயது 49 மாதங்களாகும். பேச்சும் உறவாடலும் விரைந்து வளரும் காலம் இவ்விடைவெளியில் கழிந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டச் சூழலில் இத்தாமதத்தின் காரணிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

குடும்பம் சார்ந்த காரணிகள்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டாமை ஆகிய அறிகுறிகள் முதற்பிறந்தநாளை ஒட்டியே தோன்றக்கூடும். ஆயினும், பேச்சு வராதபோதுதான் பெற்றோர் பெரிதும் கவலை கொள்கின்றனர். அக்கவலையையும் ‘ஆண்பிள்ளை தாமதித்தே பேசும்’ என்னும் நம்பிக்கை தணித்துவிடும். தமிழும் மலையாளமும் வழங்கும் இல்லங்களில் இருமொழிச் சூழலும், தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரியும் இல்லங்களில் பிரிவும் காரணமாகக் கருதப்படலாம். இவ்விரண்டும் மதியிறுக்கத்தை உண்டாக்குவதில்லை. பெண்குழந்தைகளும் அறிவுத்திறன் குறைபாடற்ற குழந்தைகளும் மேலும் தாமதமாகவே இனங்காணப்படுகின்றனர்.

அமைப்பு சார்ந்த காரணிகள்

2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதனை செய்கின்றனர். தனியார் மழலையர் பள்ளிக்குச் செல்லும் குழந்தையும் வீட்டிலேயே வளரும் குழந்தையும் இவ்வலையில் சிக்குவதில்லை. ஆகவே, பெற்றோரின் கல்வியும் வசதியும் மட்டுமே முன்கூட்டிய கண்டறிதலுக்கு உறுதியளிப்பதில்லை.

தடுப்பூசி நாள் என்னும் வாய்ப்பு

தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பூசியின் முதல் ஊக்குவிப்புத் தவணையும் 16 முதல் 24 மாதங்களுக்குள் இடப்படுகின்றன. 20 வினாக்கள் கொண்ட எம்-சாட் வினாநிரல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குரியது. எனவே, அரசு நிலையமாயினும் தனியார் மருத்துவமனையாயினும் தடுப்பூசி நாளிலேயே இவ்வினாக்களைக் கேட்கலாம். இது நோயறிதலன்று, வடிகட்டல் மட்டுமே. ஐயத்திற்குரிய குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புதல் வேண்டும். தடுப்பூசியால் மதியிறுக்கம் வரும் என்னும் பிழையான கருத்து இதனால் வலுப்பெறாதவாறு, ஊசி இடுவதற்கு முன்பே வினாக்களைக் கேட்டு, அதன் நோக்கத்தைச் செவிலியர் விளக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

கண்டறியப்படும் வயதைக் குழந்தையின் அறிகுறிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. உரிய வினாவை உரிய மாதத்தில் கேட்பவர் உளரா என்பதும் தீர்மானிக்கிறது. எழுத்தறிவு மிக்க மாவட்டத்திலும் அப்பொறுப்பைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடுதல் தகாது.