தெலுக் ஆயர் அங்காடி: எண்கோணமும் தூணும்

சிலப்பதிகாரம் கூறும் புகார் நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, நெருங்கி நின்ற மரங்களையே தூண்களாகக் கொண்டு அமைந்தது. கொங்கு நாட்டு வாரச்சந்தைகளும் நெடுங்காலம் வெட்டவெளியிலும் மரநிழலிலுமே கூடி வந்தன. மதுரைப் புதுமண்டபம் போன்றவை விழாவுக்கென எழுந்து, பின்னரே கடைகளுக்கு இடந்தந்தன. எனவே, விற்பனைக்கென்றே தூண் நிறுத்திக் கூரையிட்ட பெருங்கட்டடத்தின் வரலாற்றை அறிய விழைவோர், பெரும்பாலும் ஐரோப்பியர் வகுத்த துறைமுக நகரங்களையே நாட வேண்டியுள்ளது. அவற்றுள் தமிழர் வாழ்ந்த பகுதியை ஒட்டி எழுந்தது சிங்கப்பூரின் தெலுக் ஆயர் அங்காடி.

அயர்லாந்து நாட்டவரான ஜார்ஜ் கோல்மன் வகுத்த அக்கட்டடம் 1838இல் நிறைவெய்தியது. கிரேக்க, உரோமானியத் தூண்முறையையும் ஒத்திசைந்த அளவுகளையும் மீட்டெடுத்த புதுச்செவ்வியல் பாணியில் தேர்ந்தவர் அவர். வாயிலில் தூண்கள் நிறுத்தினார். எனினும், கட்டடத்தின் சிறப்பு அத்தூண்களில் இல்லை என்பது என் கருத்து. எண்கோண வடிவமே நுணுகி நோக்கத்தக்கது. அகன்ற நாற்கோண மண்டபத்தில் நடுப்பகுதி இருண்டு கிடக்கும். எண்கோணத்திலோ எட்டுப் புறத்தினின்றும் ஒளியும் காற்றும் புகும். எத்திசையினின்று வருவோரும் நடுவிடத்தை எளிதில் அடைவர். கடலோரத்தில் எழுந்தமையின், படகில் வந்த சரக்கை அங்கேயே இறக்கவும் இயன்றது.

அருகிலுள்ள தெலுக் ஆயர் தெருவில், சோழமண்டலக் கரையினின்று சென்ற தமிழ் முசுலிம்கள் 1828–1830இல் நாகூர் தர்காவை எழுப்பினர். அதன் கீழ்ப்பகுதியில் மேனாட்டுத் தூண் வடிவங்களும், மேலே நாகூர் மினாராக்களை நினைவூட்டும் சிறு கோபுரங்களும் ஒருங்கே நிற்கின்றன. பாணிகளைப் பாடநூல்கள் வேலியிட்டுப் பிரிக்கின்றன. கட்டியவர்கள் அவ்வேலியை அறிந்திலர்!

கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி 1879இல் தொடங்கவே, கோல்மனின் கட்டடம் இடிக்கப்பட்டது. தூர்த்த நிலத்தில் 1894இல் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மக்ரிச்சி புதிய அங்காடியை எழுப்பினார். எண்கோணத்தை அவர் கைவிடவில்லை. கட்டுமானப் பொருளையே மாற்றினார். கிளாஸ்கோ நகரத்து வால்டர் மக்ஃபர்லேன் வார்ப்படச்சாலையில் வார்த்த மெலிந்த இரும்புத் தூண்களும் பின்னல் வளைவுகளும் கப்பலேறி வந்தன. நடுவே மணிக்கூண்டு உயர்ந்தது.

இம்மாற்றத்தின் பயன் பிற்காலத்தே விளங்கிற்று. 1986இல் நிலத்தடி இருப்புப்பாதைப் பணிக்காக அங்காடியைப் பகுதி பகுதியாகக் கழற்றினர். பின்னர் மீண்டும் பூட்டி நிறுத்தினர். கல்லும் சுண்ணமுமாயின் இஃது எளிதில் இயலாது. சென்னையில் 1900இல் திறக்கப்பெற்ற செங்கற் கட்டடமாகிய மூர் மார்க்கெட், 1985இல் தீக்கிரையான பின் மீள எழவேயில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்ற தெலுக் ஆயர் அங்காடி, அக்காலத்திலேயே உணவுக்கடைகளின் இடமாயிற்று. மீனும் காய்கறியும் விற்ற வாணிகம் நீங்கியது, எண்கோணம் நின்றது. காக்கப்பட்டது கட்டடமா, அங்காடியா? மக்கள் வழக்கு இதற்கு ஒருவாறு விடை கூறுகின்றது. அவ்விடத்தின் இன்றைய பெயர் லாவ் பா சாட். 'லாவ்' என்பது ஹொக்கியன் சீனத்தில் 'பழைய' எனப் பொருள்படும். 'பா சாட்' என்பது மலாய்ப் 'பசார்' என்பதன் திரிபு. பாரசீகத்தினின்று வந்த அச்சொல்லே நம் கடைத்தெருக்களிலும் 'பசார்' என வழங்குகின்றது.