பாளையங்கோட்டை சிறப்புப் பள்ளிகள்: விடுதியில் பிள்ளைக்கு யார் துணை?

"காது கேட்காத பிள்ளையை விடுதியில விட்டுட்டு வந்தா, ராத்திரி வயித்து வலின்னா யார்கிட்ட போய்ச் சொல்லும்?" அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து பிள்ளையைச் சேர்க்க வரும் எந்தத் தாய்க்கும் முதலில் எழுகிற கேள்வி இது. பாடத்திட்டம், தேர்ச்சி விகிதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாளையங்கோட்டைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பார்வையற்றோருக்கான பள்ளியை 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் இங்கே தொடங்கினார். அதே பத்தாண்டில் காது கேளாதோருக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் தொடங்கினார். இரண்டும் இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலி திருமண்டலத்தின் கீழ் நடக்கின்றன. இத்தகைய விடுதிப் பள்ளிகளில் ஆசிரியர் மட்டுமல்ல, விடுதிக் காப்பாளர், சமையல் அக்கா, காவலர் என எல்லோரும் சேர்ந்துதான் பிள்ளையை வளர்க்கிறார்கள்.

காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சோறு, தண்ணி, வா, போ என்று சில கைஜாடைகள் இருக்கும். "நேத்து ஏன் அழுதே?" என்று கேட்க ஜாடை இருக்காது. முழு மொழி பல பிள்ளைகளுக்கு விடுதியில்தான் கிடைக்கிறது. அதுவும் வகுப்பறையில் மட்டும் அல்ல. சாப்பாட்டு வரிசையில், தட்டு கழுவும் இடத்தில், படுக்கப் போகும் முன் அரட்டையில். அதனால்தான் சமையல் அக்காவுக்குச் சைகை தெரியாவிட்டால் அது சின்னக் குறை அல்ல. சிறப்பு ஆசிரியருக்குப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும். காவலருக்கு அப்படி எதுவும் கிடையாது. உடன் வேலை பார்ப்பவர்களும் பிள்ளைகளும்தான் அவருக்குக் கற்றுத்தர வேண்டும். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்! ஆளுக்கொரு சைகைப் பெயரும் வைத்துவிடுவார்கள்: பெரிய மீசைக்காரர் என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவதே அவர் பெயர்.

கூப்பிடுவதற்கும் முறை உண்டு. தோளைத் தொடலாம், கையசைக்கலாம், தரையைத் தட்டலாம், விளக்கை அணைத்து அணைத்துப் போடலாம். கரன்ட் போனால் இவர்களுக்குப் பேச்சும் போய்விடும். ஆகவே இரவுப் பணியில் இருப்பவர் கையில் டார்ச் இருக்கிறதா என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கரன்ட் போனால் ஒன்றுமில்லை. நடைபாதையில் யாரோ வைத்துவிட்டுப் போன வாளிதான் ஆபத்து. பாதிக் கதவு திறந்திருக்கக் கூடாது, சொல்லாமல் கட்டிலை நகர்த்தக் கூடாது. அறைக்குள் வரும்போது "நான்தான், சமையல் அக்கா வந்திருக்கேன்" என்று பெயர் சொல்லி வர வேண்டும். போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பிள்ளை வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்கும்.

பிரெய்லி, சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இது வேலைவாய்ப்புக்கான ஏற்பாடு மட்டுமல்ல. தன்னைப் போலவே காது கேளாத ஒருவர் சம்பளம் வாங்கி, குடும்பம் நடத்தி, சபையில் மரியாதையோடு இருப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. ஆனால், ஆசிரியர் கூட்டத்தில் சைகையில் மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் அவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அதையும் பிள்ளைகள் கவனிக்கத்தான் செய்கிறார்கள்.

அதே சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இன்னும் வாங்கவில்லையா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். காது கேளாத பிள்ளை என்றால் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். மொழி இல்லாமல் போகும் ஒவ்வொரு வருடமும் பின்னால் ஈடு செய்யக் கடினம்.

சேர்த்த பிறகு, பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் காப்பாளரிடம் பத்துச் சைகை கற்றுக்கொண்டு வாருங்கள். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளையோடு வீட்டில் பேச ஆள் வேண்டுமே.

விடுதியில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அடி, பாலியல் தொல்லை என்றால் காத்திருக்க வேண்டாம், 1098-ஐ அழையுங்கள். மற்ற குறைகளுக்குத் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். மனுவுக்கான ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.